கால் பார்த்துக் கொடுத்த மார்க்

எங்கள் கல்லூரி முதல்வர் பிள்ளைகளின் காலைப் பார்த்து மார்க் போடுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதில் பாதி அந்தக் கால்களில்தான் இருந்தது.

நான் கணித விரிவுரையாளர். வயது இருபத்தேழு. ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. என் பேச்சில் 'ங்க' அவ்வளவாக ஒட்டாது. அதனால் அங்கே எல்லோருக்கும் நான் திமிர் பிடித்தவள். திமிர் இருந்ததா என்றால், இருந்தது. கோபமும் சட்டென்று வரும். சேர்க்கைக் குழுவில் ஒரு பெண்ணும் இருக்கட்டும் என்று என்னைப் போட்டார்கள். போட்ட அன்றைக்கே ஏன் போட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

முறை இதுதான். அரசு ஒதுக்கீட்டில் யாரும் கை வைக்க முடியாது. அதற்கு உத்தரவு உண்டு, பட்டியல் உண்டு. ஆனால் ஒவ்வொரு பட்டியலுக்குள்ளும் யார் முன்னே, யார் பின்னே என்று பார்க்கும்போது, பரீட்சை மார்க்கோடு இன்டர்வியூ மார்க் பத்தையும் கூட்டுவோம். அந்தப் பத்து முதல்வர் கையில். பிள்ளை உள்ளே வந்ததும், "காலை இப்படி வெச்சுக் காட்டு சாமி" என்பார். குதிகால் வெடித்திருந்தால் காட்டு வேலை. குழித்தறியில் மிதிகட்டையை மிதித்து மிதித்துப் பாதம் காய்த்திருந்தால் தறி வேலை. பென்சிலால் எட்டு, ஒன்பது, பத்து என்று போடுவார். கால் வழவழவென்று இருந்தால் இரண்டோ மூன்றோ. காரணம் ஒரு வரி எழுத மாட்டார்.

"சார், இது மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி இருக்கு" என்று முதல் கூட்டத்திலேயே சொன்னேன்.

"பல்லைப் பாத்து வாங்குன மாடு ஒண்ணுகூட என்னை ஏமாத்தலீங்க அம்மணி" என்றார். குழுவே சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது.

ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை. சிரிப்பு அடங்கியதும் என்னிடம் ஒன்று கேட்டார். "காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சு, தறியில உக்காந்துட்டு, அப்பறம் பள்ளிக்கூடத்துக்கு ஓடி எடுத்த அறுபதும், ஊட்டுக்கே வாத்தியார் வந்து சொல்லிக் குடுத்து எடுத்த எழுபதும் ஒண்ணுங்களா அம்மணி? நீங்க கணக்குப் படிச்சவுங்க, சொல்லுங்க." கேள்வி சரி. அதற்கு அவர் விடை கண்டுபிடிக்கிற விதம்தான் அபத்தம்.

எவ்வளவு அபத்தம் என்பது அந்த வருட இன்டர்வியூ நாளன்று தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினேன். கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சுக்கு அடியில் செருப்புகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, பளபளவென்று ஒரு ஜோடி ஷூகூட.

"என்ன இது, உள்ளே சாமி கும்பிடப் போயிருக்காங்களா?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"இன்டர்வியூக்கு வந்த பசங்களோடதுங்க. வெறுங்கால்ல போனாத்தான் சீட்டுக் கெடைக்குமாமுங்க. போன வருசத்துல இருந்தே இப்பிடித்தானுங்க."

ஷூக்காரப் பையன் யார் என்று விசாரித்தேன். லாரி முதலாளி மகன். சொந்த லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கியவன். கோடை விடுமுறையில் ஏதோ காட்டில் திரிந்திருப்பான் போலிருக்கிறது, குதிகால் நன்றாகவே வெடித்திருந்தது. முதல்வர் அவனுக்கு எட்டு போட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானம் ஒரு பெண் வந்தாள். ஜலகண்டாபுரத்தை ஒட்டிய ஒரு நெசவுக் குக்கிராமம். கூடவே அப்பா, கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரல் வைக்கிறவர். அவள் செருப்பைக் கழற்றி எங்கேயும் வைக்கவில்லை, செருப்பே கிடையாது. முதல்வர் அவள் காலை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுப் பத்து போட்டார். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பி.எஸ்ஸி. கணிதத்துக்குக் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. அவளுக்கு அடுத்து, வெளியே நின்றுபோனவன் சேலத்துப் பையன் ஒருவன். அதே பட்டியல்தான். பரீட்சை மார்க் அவளைவிட அதிகம், இன்டர்வியூவில் இரண்டு.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் ஐகோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அந்தப் பையனின் அப்பா வழக்குப் போட்டிருந்தார். இந்த வருடச் சேர்க்கை தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது என்று அதில் இருந்தது. அப்படியென்றால் அந்தப் பெண்ணின் இடம் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம்.

முதல்வரும் நானும் சேலத்தில் கல்லூரி வக்கீலிடம் போனோம்.

"எதை வெச்சு இந்தப் பத்து மார்க் போட்டீங்க?"

"காலை வெச்சுங்க."

"என்னங்க?"

"காலுங்க. பாதம்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "ஜட்ஜ் கேட்டா என்ன பண்றது? பசங்களை வரிசையா நிக்க வெச்சுக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்றதா?" என்றார். முதல்வரின் முகம் செத்துப்போனது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வக்கீல்மேல் திரும்பியது.

கடைசியில் வக்கீல் ஒரு வழி சொன்னார். பழைய முறையைக் காப்பாற்ற முடியாது. அதைக் கைவிட்டுவிட வேண்டும். எழுத்தில் ஒரு விதி வேண்டும். யார் வந்து கேட்டாலும் காகிதத்தில் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த விதி எதற்கு என்பதற்கு ஆதாரம் வேண்டும். இந்த வருடப் பட்டியலையே அந்த விதிப்படி மறுபடி போடுகிறோம் என்று கோர்ட்டில் சொன்னால் கேட்பார்கள். அவகாசம் மூன்று வாரம்.

"கிராமத்துப் பிள்ளைங்க பாவம்னு எழுதிக் கொண்டாந்தா நான் தொடமாட்டேன். எந்தக் கிராமம், என்ன பாவம், அதனால மார்க்குல என்ன வித்தியாசம், இங்க வந்தப்பறம் அந்தப் பிள்ளைங்க எப்படிப் படிச்சாங்க. அதைக் கொண்டாங்க" என்றார்.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் சீட்டு எங்கேயும் போகாது. நான் இருக்கேன்ல" என்றேன். யார் கேட்டார்கள் என்னை? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சரிங்க மேடம்" என்றாள் அவள்.

பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும் மூன்றாம் வருட ரிசல்ட்டுகளையும் கிளறினேன். ஆபீஸ் கிளார்க், "செத்த ரிஜிஸ்டரையெல்லாம் எதுக்குங்க எழுப்பறீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே பீரோவைத் திறந்துவிட்டார். தூசியில் தும்மித் தும்மி ஒவ்வொரு பெயராக எழுதினேன். எந்தப் பள்ளியில் படித்தான், வீடு எங்கே, என்ன மார்க்கோடு வந்தான், என்ன மார்க்கோடு போனான். வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்தால் கடைசி பஸ்ஸுக்குத்தான் எழுந்திருப்பேன்.

முதல்வர் கொடுத்த கால் மார்க்குக்கும் அந்தப் பிள்ளைகள் பின்னால் படித்த படிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பத்து வாங்கியவன் தோற்றிருந்தான், மூன்று வாங்கியவன் முதல் வகுப்பில் தேறியிருந்தான். ஆனால் இன்னொன்று தெளிவாக நின்றது. பக்கத்தில் உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர்களிலிருந்து குறைந்த மார்க்கோடு வந்தவர்கள் முதல் வருடம் இங்கிலீஷில் தடுமாறினார்கள். மூன்றாம் வருடத்தில் டவுன் பிள்ளைகளோடு சமமாக நின்றார்கள், கணக்கில் ஒரு படி மேலேயே. அவர்கள் தாழ்ந்த மார்க்கோடு வந்தது மண்டையில் ஒன்றும் இல்லாததால் அல்ல, தூரத்தால்தான். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதல்வரிடம் காட்டினேன். கால் மார்க் பத்தியை விரலால் கீழே வரைக்கும் தடவிப் பார்த்தார். "ஒண்ணுகூடப் பொருந்தலீங்களா அம்மணி?" என்றார். இல்லை சார் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜெயித்த மாதிரி இருக்க வேண்டியது, எனக்குப் பாவமாக இருந்தது.

முதல் வரைவில் விதியை இப்படி எழுதினேன்: சொந்த ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாதவர்களுக்குப் பத்து மார்க், மற்றவர்களுக்கு இல்லை. இன்டர்வியூவே கிடையாது. வக்கீல் படித்துவிட்டுச் சிரித்தார்.

"கேஸ் போட்டிருக்காரே, அவர் ஊடு எங்கன்னு பாத்தீங்களா? டவுனுக்கு வெளிய புதுசா வந்திருக்கற காலனி. அந்தப் பஞ்சாயத்துலயும் ஹைஸ்கூல் கெடையாது. உங்க விதிப்படி அவர் பையனுக்கும் பத்து. பையன் ஸ்கூலுக்குப் போனது கார்ல."

அந்தப் பத்து அவனுக்கும் கிடைத்தால் பரீட்சை மார்க்கில் அவன் முந்திவிடுவான். அவள் வெளியே. "அப்ப தூரத்தைச் சேர்த்துடலாம் சார். அஞ்சு கிலோமீட்டருக்குள்ள உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர். அதுக்குக் கல்வி ஆபீஸில் லிஸ்ட் இருக்கும்" என்றேன். வக்கீல் மேசையைத் தட்டினார். "இது நிக்கும்!" என்றார். நானே என் பேனாவால் அந்த வரியைச் சேர்த்தேன்.

கல்வி அலுவலகத்துக்கு நாலு முறை அலைந்து அந்த ஊர்ப் பட்டியலை வாங்கி நகல் எடுத்தேன். கோர்ட்டுக்குப் போகிற நகலை மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒருத்தர் மூலத்தை வாசிக்க, இன்னொருத்தர் நகலில் டிக் போட வேண்டும். அன்று சாயங்காலம் வராந்தாவில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவள் அந்தப் பெண்தான். கூப்பிட்டு உட்கார வைத்தேன். சேந்தமங்கலத்துப் பக்கம், கொல்லிமலை அடிவாரம், தம்மம்பட்டிப் பக்கம், அப்புறம் மேற்கே மேட்டூர் வழி என்று ஒன்றியம் ஒன்றியமாக வாசித்தாள். கணீரென்ற குரல். ஓர் ஊர்ப் பெயர்கூடப் பிசகவில்லை. எனக்கு எண்ணிக்கை சரியாக வருகிறதா என்பதில்தான் கவனம். டிக், டிக் என்று போட்டுக்கொண்டே போனேன்.

"முடிஞ்சுதுங்களா மேடம்?" என்றாள்.

"முடிஞ்சது. இனிமே உன் சீட்டை எவனாலயும் அசைக்க முடியாது பாரு" என்றேன். அவள் காகிதங்களை ஓரம் பார்த்து அடுக்கிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

கோர்ட்டில் கொடுக்க வேண்டிய புதிய மார்க் பட்டியலை வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து போட்டேன். ஒவ்வொரு பிள்ளையின் ஊரையும் தேடி, இருந்தால் பத்து, இல்லாவிட்டால் பூஜ்யம். லாரி முதலாளி மகனுக்குப் பூஜ்யம் போடும்போது பேனாவை அழுத்தியே போட்டேன். கடைசியில் அவள் பெயர். அவள் ஊரைத் தேடினேன். இல்லை. பக்கத்தைத் தவறவிட்டுவிட்டோமோ என்று மறுபடி தேடினேன். இல்லை. ஆபீஸ் பையனை ஓடவிட்டு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரைக் கூட்டிவரச் சொல்லி விசாரித்தேன். அந்தக் குக்கிராமத்திலிருந்து ஜலகண்டாபுரம் உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லையாம்.

அவள் பள்ளிக்கு நடந்தே போனவள் என்பது எனக்குத் தெரியும். நடந்தது என்றால் தூரம் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை அவளிடம் கேட்கவில்லை. அட கடவுளே, அவள்தானே அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள்! மண்டையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

"தறிக்காரப் பிள்ளைகளுக்குன்னு இன்னொரு பிரிவு சேர்க்கலாம் சார். தறி வேலை செஞ்சுக்கிட்டே படிச்சவங்க" என்றேன்.

"ஆதாரம்? எந்தப் பிள்ளை தறியில உக்காந்துது, எவ்வளவு நேரம் உக்காந்துதுன்னு எந்த ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்காங்க? அந்தப் பொண்ணு தறியில உக்காந்ததுக்குக் காகிதம் ஏதாவது இருக்குதா?" என்றார் வக்கீல்.

"காலுல இருக்குதுங்களே" என்றார் முதல்வர், மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு முதல்வரே இன்னொன்று சொன்னார். தம்மம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அவளுடைய மாமன் வீடு இருக்கிறது. அந்த ஊர் பட்டியலில் இருக்கிறது. அங்கே தங்கிப் படித்ததாக ஒரு சர்டிபிகேட் வாங்கிவிடலாம். அவள் அப்பாவிடம் சொன்னால் போதும். வக்கீல், "நான் தண்ணி குடிச்சுட்டு வாரேன்" என்று எழுந்து வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை.

பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். முதல்வர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு காகிதந்தானுங்க அம்மணி. ஒரு புள்ளையோட வாழ்க்கைங்க."

"முடியாது சார்" என்றேன். எதிர்த் தரப்பு வக்கீல் ஒரு பொய்க் காகிதத்தைக் கண்டுபிடித்தால் மொத்த விதியும் விழும், சேந்தமங்கலத்துப் பிள்ளைகளும் கொல்லிமலை அடிவாரத்துப் பிள்ளைகளும் சேர்ந்தே விழுவார்கள் என்றேன். அது உண்மை. அதோடு, மூன்று வாரம் தூசி தின்று நான் கட்டிய விதியை நானே அழுக்காக்குவதா என்ற அகங்காரமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவள் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

கோர்ட்டில் விதி நின்றது. காகிதத்தைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விதி, அதற்கு ஆதாரமும் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார்கள். விதிப்படி புதிய பட்டியலை உடனே அமல்படுத்தச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் சேலத்துப் பையனுக்கும் பூஜ்யம்தான், ஆனால் பரீட்சை மார்க்கில் அவன் மேலே. அவனுக்கு இடம், அவள் வெளியே. முதல்வர் சென்னையில் ஓட்டலுக்கு அழைத்துப் போய்க் காபி வாங்கிக் கொடுத்தார். நான் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அந்தப் பையன் மூன்று வருடம் என் வகுப்பில்தான் இருந்தான். சாதுவான பையன், நன்றாகவே படித்தான். அவன் மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் கோபப்பட்டேன். தறிவீடுகளுக்குப் போய்க் கணக்கெடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவைச் சேர்க்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அது வேறு யார் யாருக்கோ உதவியது.

அவள் டி.சி. வாங்க வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துறைத்தலைவர் லீவு, நான்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அப்பா வராந்தாவிலேயே நின்றுகொண்டார். அவள் உள்ளே வந்தாள். அழுதிருந்த மாதிரி தெரியவில்லை. அதுவே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கோபத்தை வேறு யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள்மேலேயே காட்டினேன்.

"ஏண்டி, நீதானே அந்த லிஸ்டை வாசிச்சே? உங்க ஊர் அதுல இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க மேடம். வருதா வருதான்னு பாத்துட்டேதானுங்க வாசிச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "சொல்லியிருந்தா ரூலை மாத்தியிருப்பீங்களா மேடம்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தியிருக்க மாட்டேன்" என்றேன்.

"அதானுங்க சொல்லலை" என்றாள். "சொல்லியிருந்தா உங்களுக்குத்தானுங்க சங்கடம். நீங்க வேற அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க."

டி.சி.யை இரண்டாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "வாரேனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு போய்விட்டாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. நான் போகவில்லை.